காஓர் சந்தையில் வேலந்தாவளம் மண்டிக்காரன்

இரண்டு இதழ்களுக்கு முன், பிரான்சின் தூலூஸ் நகரில் வேலை பார்க்கும் மகள் வீட்டில் நானும் மனைவியும் 84 நாள் தங்கிவிட்டு வந்ததைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். ஐஃபல் கோபுரத்துக்கு அதில் மூன்று வரிதான். மீதி முழுவதும் தென்மேற்குப் பக்கத்துச் சிற்றூர்கள், வாரச் சந்தைகள், ஆறுகள். படித்துவிட்டுக் கேள்வி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் நம் பாலக்காட்டு எல்லைப் பக்கத்து ஆட்கள். இரண்டு கடிதம் இடுக்கியிலிருந்து. ஆசிரியர் அவற்றைக் கட்டாகக் கட்டி என் கையில் கொடுத்து, "நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்" என்றார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. வேலந்தாவளத்தில் 37 வருடம் காய்கறி மண்டி நடத்தியதால் தராசு தெரியும், சாக்கு தெரியும். அந்தக் கண்ணுக்குப் பட்டதைத்தான் சொல்கிறேன்.

கே: வயல், ஆறு, பழைய வீடு, சந்தை எல்லாம் நம் ஊரிலேயே இருக்கின்றன. இதைப் பார்க்கவா ஐயா இவ்வளவு செலவு செய்து விமானம் ஏற வேண்டும்? (கொல்லங்கோடு வாசகி)

ப: மகள் டிக்கெட் அனுப்பியபோது நானும் இதையேதான் கேட்டேன் அம்மா. பச்சை பார்ப்பதற்காக என்றால் போக வேண்டாம். நெல்லியாம்பதி மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு உங்கள் ஊர் வயல் நிற்கிற அழகுக்கு அங்கே ஈடு இல்லை.

என் மனது மாறியது மோன்பாஸியே என்ற ஊரில். ஐந்நூறு பேர் சுமாருக்கு வசிக்கும் ஊர். 1284-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் அதை உண்டாக்கினார். பிரான்சுக்குள் இங்கிலாந்து ராஜாவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தப் பகுதிக்கு அவர்தான் பிரபு. அந்தக் காலத்தில் இப்படிக் கயிறு பிடித்து, கட்டம் போட்டு உண்டாக்கிய புது ஊர்களுக்கு 'பாஸ்தீத்' என்று பெயர். தென்மேற்கில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நடுவில் சதுரமாக ஒரு திடல். திடலைச் சுற்றி வீடுகள். ஒவ்வொரு வீட்டின் கீழ்த்தளமும் வளைவு வைத்த தாழ்வாரமாகத் திடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் வாங்க வந்தவன் நனையாமல், காயாமல் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். திடலின் ஓர் ஓரத்தில் பெரிய மரத்தூண்களோடு சந்தைக் கொட்டகை; அதற்குள் தானியம் அளந்த பழைய அளவைகளை இன்னும் வைத்திருக்கிறார்கள்.

அந்த அளவைகளுக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று மனைவிதான் கணக்குச் சொன்னாள். அரை மணி நேரமாம். என் தாத்தா வீட்டில் பறையும் இடங்கழியும் நாழியும் இருந்தன. நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. பறையைத் தலைகட்டி அளப்பதா, வழித்து அளப்பதா என்பதில் ஒரு கொலையே நடக்க இருந்தது என்று பாட்டி சொல்வாள். அந்தச் சண்டை நடக்கக் கூடாது என்றுதானே ஊருக்கு நடுவில், எல்லார் கண்ணும் படுகிற இடத்தில் அளவையை வைத்தார்கள்? நம் பக்கத்தில் ஊர் முதலில் வந்தது, சந்தை பிறகு வந்தது. மோன்பாஸியேயில் சந்தைக்கு இடம் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். கல்பாத்தி அக்கிரகாரத்தில் வீட்டுக்கு வீடு பொதுச் சுவர். இங்கே இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒல்லியான ஆள்கூடப் பக்கவாட்டில் நுழையத் திணறும் சந்து. தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்க, கழிவுநீர் வழிந்தோட. 740 வருடமாகியும் அந்த இடுக்கை யாரும் அடைத்துக் குளியலறை கட்டவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நாம் அடித்துக்கொண்ட அதே விஷயங்களுக்கு இன்னொரு விவசாயி ஊர் என்ன வழி கண்டது என்று பார்க்க ஆசை இருந்தால் போங்கள்.

கே: அண்ணா, சந்தையைப் பற்றி விவரமாகவே எழுதவில்லை. விலை பேசுகிறார்களா? தரகு உண்டா? கொசுறு கொடுப்பார்களா? (வேலந்தாவளம் வாசகர், உங்கள் பழைய பக்கத்துக் கடைக்காரன்)

ப: தம்பி, உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? பாக்கிச் சீட்டில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

நான் அதிகம் போனது காஓர் சந்தைக்கு. எழுத்தில் நடுவில் ஒரு 'ஹ' இருக்கிறது, வாயில் இல்லை. தூலூஸிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். லோத் என்ற ஆறு குதிரை லாடம் போல வளைந்து ஊரை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகிறது. புதன், சனி காலையில் தேவாலயத்துக்கு முன்னால் உள்ள திடலில் சந்தை. பழக்கதோஷம், முதல் நாளே ஆறரை மணிக்குப் போய் நின்றுவிட்டேன். வேன்கள் பின்பக்கமாக வந்து ஒட்டி நிற்கின்றன, மேசை விரிக்கிறார்கள், குடை நடுகிறார்கள். சத்தமே இல்லை. ஏலம் கூவுகிறவன் இல்லை, சுமைக்கூலிச் சண்டை இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று தோன்றியது.

தரகு இல்லை. அது மொத்த வியாபார மண்டி இல்லை, நேரடி விற்பனை. ஆனால் சுங்கம் உண்டு. நகராட்சி ஆள் ஒருவர் கையில் சின்ன இயந்திரத்தோடு வருகிறார். மேசை எத்தனை மீட்டர் நீளமோ அத்தனைக்குக் காசு. சாக்குக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று எண்ணிக்கொண்டிருக்கிற நம் முறையைவிட இது சுலபம். நீளத்தை மறைத்து வைக்க முடியாதே!

விற்கிறவர்களில் இரண்டு ஜாதி. தன் தோட்டத்துச் சரக்கை விற்கிறவன், மொத்த மார்க்கெட்டில் வாங்கி வந்து விற்கிறவன். பலகையில் எழுதியிருப்பார்கள் என்றாலும் எனக்குப் பலகை தேவைப்படவில்லை. தோட்டக்காரன் மேசையில் நான்கைந்து சரக்குதான் இருக்கும். முள்ளங்கியில் மண் ஒட்டியிருக்கும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. வாழைப்பழமும் எலுமிச்சையும் ஸ்ட்ராபெரியும் ஒரே மேசையில் பளபளவென்று அடுக்கியிருந்தால் அவன் நம் ஆள். யாராக இருந்தாலும், காயின் பெயர், விளைந்த இடம், கிலோ விலை மூன்றையும் எழுதி வைத்தே தீர வேண்டும், சட்டம். இதை மனைவி படித்துக் காட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். எந்த ஊர்த் தக்காளி என்பது எனக்கும் லாரிக்காரருக்கும் மட்டும் தெரிந்த ரகசியமாக 37 வருடம் பிழைப்பு நடத்தியவன் நான்.

விலை பேசுவது கிடையாது. பேச முயன்றேன்; விரலைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். அந்த அம்மாள் எனக்குக் கணக்கு வரவில்லை என்று நினைத்து, இன்னும் பெரிய எழுத்தில் விலையை எழுதிக் காட்டினார். ஆனால் பன்னிரண்டரைக்கு மேல் போ. கட்டுகிற நேரத்தில் ஸ்ட்ராபெரியும் கீரையும் விலை இறங்கும். உலகத்தில் எங்கேயும் அழுகுகிற சரக்குக்கு ஒரே சட்டம்தான். ஒரு மணிக்குத் திடலைக் கழுவிவிட்டுவிடுகிறார்கள். இரண்டு மணிக்குப் போய் நின்றால் புறா மட்டும் இருக்கும்.

கொசுறு உண்டு! காய் வாங்கினால் ஒரு கொத்து பார்ஸ்லியைப் பையில் செருகிவிடுகிறார்கள். நம் கறிவேப்பிலை போலத்தான். எடை மின் தராசில். ஆனால் கிழவிகள் கேட்பது 'ஒரு லீவ்ர்', அதாவது ராத்தல் மாதிரி ஒரு பழங்கணக்கு. இப்போது அரைக் கிலோவுக்கு அந்தப் பெயர் நிற்கிறது. 1795-இல் மெட்ரிக் முறையைச் சட்டமாக்கிய நாடு அது. அங்கேயே வாயிலிருந்து ராத்தல் போகவில்லை என்றால், நம் ஊரில் இன்னும் பலம் கணக்கு சொல்கிறவர்களை நான் எப்படிக் கேலி செய்வேன்?

இரண்டு விஷயத்தில் மட்டும் மானம் போகும், ஜாக்கிரதை. காசை நீட்டிக்கொண்டு நின்றால் ஆள் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் 'போன்ஷூர்' சொல்ல வேண்டும். அடுத்து, சரக்கைத் தொடாதே. தக்காளியை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். அந்தக் கடைக்காரர் என் கையிலிருந்து அதை வாங்கி, துணியால் துடைத்து, பழைய இடத்தில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. முறை என்னவென்றால், அவர்தான் எடுத்துக் கொடுப்பார். முலாம்பழம் கேட்டால், 'மத்தியானத்துக்கா, ராத்திரிக்கா?' என்று கேட்கிறார்கள். மத்தியானத்துக்கு என்றால் ஒன்று, ராத்திரிக்கு என்றால் வேறொன்று. காம்பை முகர்ந்து, கையில் தூக்கிப் பார்த்துக் கொடுக்கிறார். நான்கு முறை வாங்கினோம். நான்கு முறையும் நேரம் தப்பவில்லை. தம்பி, எத்தனையோ ஆயிரம் பெட்டி விற்ற உனக்கும் எனக்கும் இந்தக் கேள்வி ஒருநாளும் வாயில் வந்ததில்லை.

சார்லா என்ற ஊரில் சனிக்கிழமை சந்தை இன்னும் பெரிது, தெரு முழுக்க வழிகிறது. அங்கே பழைய தேவாலயம் ஒன்றையே மூடிய சந்தையாக மாற்றி, கோபுரம் மாதிரி உயர்ந்த இரும்புக் கதவு போட்டிருக்கிறார்கள். ழான் நூவெல் என்ற பெரிய கட்டடக் கலைஞரின் வேலை. உள்ளே முழுக்க வாத்து. வாத்து ஈரல், வாத்துக் கால், வாத்துக் கொழுப்பு. மனைவி வாசலோடு நின்றுவிட்டாள்.

மழைக்காலம் முடிந்து குளிரில் போகிறவர்களுக்கு ஒரு தகவல். காஓருக்குத் தெற்கே லால்பாங்க் என்ற ஊரில் டிசம்பர் முதல் மார்ச் வரை செவ்வாய்க்கிழமை பிற்பகலில் கறுப்பு ட்ரஃபிள் சந்தை. மண்ணுக்குள் விளையும் காளான் வகை, பொன் விலை. நீளப் பெஞ்சுகளில் கூடையை வைத்துக்கொண்டு விற்கிறவர்கள் ஒரு பக்கம், வாங்குகிறவர்கள் எதிர்ப்பக்கம், நடுவில் கயிறு. நேரம் வந்ததும் கயிறு இறங்கும். பேரம் எல்லாம் காதோடு காதாகத்தான். நான் போனது சித்திரை முதல் ஆனி வரை என்பதால் பார்க்கவில்லை, மகளின் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வாணியங்குளம் வியாழச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து மாட்டு விலை பேசுவதை அவருக்கு நான் நடித்துக் காட்டினேன். நன்றாகவே புரிந்துகொண்டார்.

கே: சைவக்காரர்கள் என்ன சாப்பிடுவது? (கல்பாத்தி வாசகி)

ப: சந்தையில் வாங்கி வீட்டில் சமைப்பது. ஓட்டலில் மானம் காப்பது ரொக்கமடூர் என்ற சின்ன வட்டமான ஆட்டுப்பால் சீஸ், வால்நட் போட்ட சாலட், ஆம்லெட். சித்திரை, வைகாசியில் அஸ்பாரகஸ் கட்டுக் கட்டாக வரும். நம் தண்ணீர்விட்டான் கிழங்குக் கொடிக்குச் சொந்தக்காரச் செடி. மனைவி அதில் பொரியல் செய்தாள், தேங்காய் இல்லாமல். 'சூப்பில் கறி இல்லை' என்பார்கள், வாத்துக் கொழுப்பில் தாளித்திருப்பார்கள். கேட்டுச் சாப்பிடுங்கள். மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டு முதல் இரண்டு வரைதான். இரண்டரைக்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும்.

கே: அந்த ஆறுகளில் கோடையில் தண்ணீர் ஓடுமா? நம் சித்தூர்ப்புழை சோகநாசினி மாதிரி பாறையும் புல்லுமாகக் கிடக்குமா? (சித்தூர் வாசகர்)

ப: இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு சித்தூர்க்காரரால்தான் முடியும்!

நாங்கள் இரண்டு வாரம் வீடு எடுத்துத் தங்கியது தோர்தோஞ் ஆற்றின் கரையில். நடு பிரான்சில் 1,885 மீட்டர் உயரமுள்ள சான்சி மலையில் பிறந்து, 480 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, போர்தோவுக்குக் கீழே கரோன் ஆற்றோடு சேர்கிறது. ஆனி மாதத்தில் நான் பார்த்தபோது கரைக்குக் கரை தண்ணீர்; ஆழம் இல்லாத இடத்தில் கூழாங்கல் எண்ணலாம். தினமும் காலையில் போய் உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் நாள் ஒரு சந்தேகம் வந்தது. மழை இல்லை, ஆனால் நேற்று வெளியில் தெரிந்த கல் இன்று தண்ணீருக்குள் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் மகள் கேட்டுச் சொன்னாள். மேலே அணைகள் இருக்கின்றன. போர் லே ஸோர்க் தொடங்கி வரிசையாக ஐந்து பெரிய அணை. மின்சாரம் எடுக்கத் திறந்தால் இங்கே கல் முழுகும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆழியாறு அணையில் எவ்வளவு திறந்தார்கள், எல்லையில் மணக்கடவில் எவ்வளவு வந்தது என்று கேட்டுக் கேட்டே நாம் வளர்ந்தோம். தமிழ்நாடும் கேரளமும் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழைக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. அது வந்ததா வரவில்லையா என்பதில் எத்தனை மறியல்! ஏழு கடல் தாண்டிப் போயும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அணைத் தண்ணீர்க் கணக்குத்தான் பார்த்தேன். அங்கே அது ஒரே நாட்டுக்குள், மின்சாரத்துக்கு. இரண்டு மாநிலம் மல்லுக்கட்டுகிற பாசனத் தண்ணீர் இல்லை. அதனால் ஆற்றின் பெயரைச் சொன்னால் யாருக்கும் கோபம் வருவதில்லை.

ஆற்றில் என்ன பார்க்கலாம்? லா ரோக் கஜாக் என்ற ஊரிலிருந்து தட்டையான அடி கொண்ட மரப்படகில் ஒரு மணி நேரம் கூட்டிப் போகிறார்கள். அந்தக் காலத்தில் இதே மாதிரிப் படகுகள்தான் ஆற்றின் மேற்பகுதி மலைகளிலிருந்து ஓக் மரம் ஏற்றிக்கொண்டு கீழே போகும். ஒயின் பீப்பாய் செய்வதற்கு. இப்போது சுற்றிக் காட்டுகிற படகு திரும்பி வருகிறது. அந்தப் படகுகள் திரும்பவில்லை. எதிர்நீரோட்டத்தில் இழுத்து வர முடியாது என்று, போய்ச் சேர்ந்த இடத்திலேயே படகைப் பிரித்து விறகு விலைக்கு விற்றுவிட்டு, படகுக்காரர்கள் நடந்தே ஊர் திரும்பினார்கள். ஒரு நடைக்கு ஒரு படகு! இந்தக் கணக்கு எப்படிக் கட்டியது என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

லா ரோக் கஜாக் ஊர் செங்குத்தான பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒட்டிவைத்த மாதிரி இருக்கிறது. 1957-இல் பாறை சரிந்து மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். தெற்குப் பார்த்த பாறை வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதால் அதன் அடியில் பனைவகை மரங்களும், நம்புங்கள், வாழையும் வளர்கின்றன. இலை கிழிந்து, நம் வாழைக்குத் தம்பி மாதிரி. மனைவி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாவம், இதுவும் விசாவில் வந்திருக்கிறது" என்றாள்.

லிமோய் என்ற ஊரில் தோர்தோஞும் வெஸேரும் கூடுகின்றன. ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு வளைவுப் பாலம். இரண்டும் மூலைமட்டம் வைத்தாற்போல ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. நம் ஊராக இருந்தால் கூடுதுறை என்று சொல்லி ஒரு கோயிலும் படித்துறையும் தர்ப்பணக் கூட்டமும் இருந்திருக்கும். அங்கே புல்தரையில் படுத்து வெயில் காய்கிறார்கள். நான் ஒரு கை தண்ணீர் எடுத்து அப்பாவை நினைத்து விட்டேன்.

கே: நம் போல எல்லைப் பக்கத்து ஜனங்கள் அங்கே உண்டா? (கோபாலபுரம் செக்போஸ்ட் அருகிலிருந்து ஒரு வாசகர்)

ப: இப்போது இல்லை. ஒரு காலத்தில் தோர்தோஞ் ஆறே எல்லை. 1337 முதல் 1453 வரை நூற்றாண்டுப் போர் என்று ஒன்று நடந்தது. ஆற்றின் வடகரைப் பாறைமேல் பெய்னாக் கோட்டை, பிரெஞ்சுக்காரர் பக்கம். எதிர்க்கரையில் கஸ்தெல்நோ, பெரும்பாலும் ஆங்கிலேயர் கையில். ஒரு கோட்டையின் மதிலில் நின்றால் இன்னொன்று கண்ணெதிரே தெரிகிறது. நடுவில் வயல் வைத்திருந்தவன் யாருக்கு வரி கட்டினான் என்று எந்தப் பலகையிலும் எழுதவில்லை. நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? இரண்டு பேருக்கும் கட்டியிருப்பான்.

மொழியிலும் ஒரு சங்கதி. தூலூஸில் தெருப் பெயர்ப் பலகை இரண்டு மொழியில்; மேலே பிரெஞ்சு, கீழே ஒக்சித்தான், அந்தப் பக்கத்துப் பழைய பாஷை. மெட்ரோ ரயிலில்கூட நிலையத்தின் பெயரை இரண்டிலும் சொல்கிறார்கள். ஆனால் காய்கறி வாங்க அந்த மொழியைப் பேசியவர் ஒருவரையும் நான் கேட்கவில்லை. நம் கொழிஞ்சாம்பாறையில் பலகை எந்த மொழியில் இருந்தாலும் சந்தையில் தமிழ் ஓடுகிறதே, அதை நினைத்துக்கொண்டேன்.

கே: கார் இல்லாமல் பஸ்ஸிலும் ரயிலிலும் சுற்ற முடியுமா? (பொள்ளாச்சி வாசகர்)

ப: பெரிய ஊருக்கு ரயில் உண்டு. சிற்றூருக்கு பஸ் இருக்கிறது என்று அட்டவணை சொல்லும். நானும் மனைவியும் தைரியமாக காஓரிலிருந்து ஃபிஜாக் போகும் பஸ்ஸில் ஏறி, லோத் ஆற்றோரம் பூஸியே என்ற ஊரில் இறங்கினோம். அங்கிருந்து சென் சீர் லபோபி என்ற மலையூருக்கு ஆற்றை ஒட்டிய நடைபாதை. ஒரு பகுதியில் மலையையே குடைந்து வழி விட்டிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்த வழி. தலைக்கு மேல் பாறை, இடப்பக்கம் பச்சைத் தண்ணீர். அந்த நடை மட்டும் போதும், வேறு எதுவும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

திரும்பும்போதுதான் வினை. நாலரை மணி பஸ் என்று குறித்து வைத்திருந்தேன். ஐந்தரை ஆயிற்று, வரவில்லை. அட்டவணையில் அந்த நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி எழுத்து. அது 'பள்ளிக்கூட நாட்களில் மட்டும்' என்று மகள் போனில் சொன்னாள். அன்று பள்ளி விடுமுறை. தப்பு என்னுடையது. கடைசியில் டிராக்டர் உதிரிப் பாகம் ஏற்றிக்கொண்டு வந்த வேன்காரர் ஒருவர் காஓர் வரை கொண்டு விட்டார். காசு வாங்கவில்லை. நான் வைத்திருந்த ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸை வாங்கிக்கொண்டு, வண்டி ஓட்டியபடியே முக்கால்வாசி காலி செய்தார்.

கார் ஓட்டத் தெரிந்த பிள்ளை கூட இருந்தால் நல்லது. இல்லையென்றால் காஓரிலோ சார்லாவிலோ ஒரே இடத்தில் ஒரு வாரம் தங்குங்கள். இரண்டிலும் ரயில் நிலையம் உண்டு. சந்தை நாளை முதலில் குறித்துக்கொண்டு மற்றதை அதைச் சுற்றிப் போடுங்கள். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பெரும்பாலான ஊர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்.

கே: எங்கள் ஊரில் முனியறை என்கிற பழங்காலக் கல்லறைகளும் பாறை ஓவியங்களும் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. லாஸ்கோ குகையை அவர்கள் எப்படிப் பாதுகாக்கிறார்கள்? (மறையூர் வாசகர்)

ப: பூட்டி வைத்துத்தான். 1940 செப்டம்பர் 12 அன்று நான்கு பையன்கள் வெஸேர் பள்ளத்தாக்கில் அந்தக் குகைக்குள் இறங்கினார்கள். காளை, குதிரை, மான் என்று சுவரில் ஓவியங்கள்; பதினேழாயிரம் வருடத்துக்குக் குறையாத பழமை. 1948-இல் ஜனங்களுக்குத் திறந்தார்கள். கூட்டம் கூட்டமாகப் போனவர்களின் மூச்சுக்காற்றிலும் விளக்கு வெளிச்சத்திலும் சுவரில் பாசி பிடித்தது. 1963-இல் மூடினார்கள். அப்போதைய கலாசார அமைச்சர் மால்ரோ போட்ட உத்தரவு. இன்றைக்கு நீங்கள் பார்ப்பது நகல். முதல் நகல் 1983-இல் திறந்தது. நான் பார்த்தது 2016-இல் திறந்த புதியது, குகை முழுவதையும் அச்சு அசலாகச் செய்தது.

நகல் என்று தெரிந்தே உள்ளே போனேன். குளிர்ச்சி, இருட்டு, சுவரின் மேடுபள்ளத்தை வைத்தே காளையின் வயிற்றைத் தள்ள வைத்திருக்கிற சாமர்த்தியம், இதெல்லாம் நகலிலும் பிடிபடுகிறது. ஆனால் உங்கள் ஊர்ப் பாறையில் கண்ணெதிரே நிற்பது அசல். அதன் பக்கத்தில் யாரோ காதலி பெயரைச் செதுக்கியிருந்தால் முதலில் அந்த ஆளைப் பிடியுங்கள். பாதுகாப்பு அங்கே தொடங்கட்டும்.

கே: உங்களுக்குப் பிடிக்காத இடம் ஏதாவது? (குமுளி வாசகி)

ப: சொன்னால் மகள் கோபித்துக்கொள்வாள். சென் சீர் லபோபி. லோத் ஆற்றுக்கு நூறு மீட்டர் உயரத்தில் பாறை விளிம்பில் தொங்கும் ஊர். 2012-இல் பிரெஞ்சுக்காரர்களே தங்களுக்கு மிகப் பிடித்த கிராமம் என்று தேர்ந்தெடுத்தது. அழகில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் தெரு முழுக்க நடந்தும் ஒரு வெங்காயம் வாங்க முடியவில்லை. மண்பாண்டம், ஓவியம், ஐஸ்கிரீம், தோல் பை. அங்கே வசிக்கிறவர் உப்பு தீர்ந்தால் எங்கே போவார்? 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' என்று 1982-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இரண்டாயிரம் பேருக்குள் இருக்கிற ஊர்களைத்தான் சேர்ப்பார்கள். ஊரைக் காப்பாற்ற வந்த யோசனைதான். மோன்பாஸியேயும் அதில் இருக்கிறது, அங்கே வியாழக்கிழமை முள்ளங்கியும் விற்கிறது. வெங்காயம் விற்காத ஊர் எனக்குக் கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி இருக்கிறது.

காஓரின் வாலாந்த்ரே பாலத்தையும் அங்கேயே சேர்த்துத் திட்ட வேண்டாம், அது அருமை. மூன்று கோபுரம் வைத்த கல்பாலம், 1308-இல் தொடங்கி 1378-இல் முடித்தது. வேலை இழுத்துக்கொண்டே போனதால் மேஸ்திரி பிசாசோடு ஒப்பந்தம் போட்டானாம்; கடைசியில் அதனிடம் சல்லடையைக் கொடுத்துத் தண்ணீர் மொண்டு வரச் சொல்லி ஏமாற்றினானாம். 1879-இல் பழுது பார்த்தவர்கள் நடுக்கோபுரத்து மூலையில் கல்லைப் பிடுங்கப் பார்க்கும் குட்டிப் பிசாசு ஒன்றைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

கே: விசா, செலவு விவரம்? (ஒன்பது பேர் கேட்டிருக்கிறீர்கள்)

ப: சுற்றுலா விசாவில் 180 நாளுக்குள் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பிள்ளைகள் வீட்டில் தங்குவதானால் அவர்கள் ஊர் நகராட்சி அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். செலவு என் மகளுடையது. கேட்டால் அடிக்க வருகிறாள்.

கே: எங்களுக்கு என்ன வாங்கி வந்தீர்கள்? (என் தங்கை, தத்தமங்கலம்; பெயர் போடாவிட்டாலும் தெரியும்)

ப: வால்நட் எண்ணெய் இரண்டு புட்டி. அந்தப் பக்கத்து விசேஷம், செக்கில் ஆட்டுவது. ஒன்று உனக்கு. இன்னொன்றை உன் அண்ணி வந்த மறுநாளே தோசைக்கல்லில் ஊற்றினாள். வீடு முழுக்கப் புகை, தோசை கசப்பு. அடுப்பில் காட்டக் கூடாதாம், சாலட்டின் மேல் பச்சையாக ஊற்ற வேண்டுமாம். மகள் போனில் சொன்னாள். இப்போது தயிர்ப் பச்சடியில் ஒரு சொட்டு விடுகிறாள், நன்றாகவே இருக்கிறது. உன் புட்டி மேசைமேல் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள். தாமதித்தால் அதுவும் பச்சடிக்குப் போய்விடும்.